அடுப்பு மூட்டும் முன் எழுத வேண்டிய தாள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தென்னாப்பிரிக்காவில் டர்பன் நகரை அடுத்த சாட்ஸ்வர்த்திலிருந்து எழுதுகிறேன். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கியவள் நான். இப்போது உங்கள் நாளிதழைத் தினமும் காலையில் இணையத்தில் படிக்கிறேன்.

சென்ற மாதம் காஞ்சிபுரம் மாவட்டத்துப் பெரியவர் ஒருவரின் கடிதம் வெளிவந்திருந்தது. ஊர் ஏரியைத் தூர்வார இளைஞர்களும் பெரியவர்களும் சேர்ந்து அமைத்த குழு, டீசல் கணக்குத் தகராறில் இரண்டே மாதத்தில் உடைந்துவிட்டதாம். "சேர்ந்து வேலை செய்வது நம் இரத்தத்தில் இல்லை" என்று முடித்திருந்தார். அவருடைய வேதனை எனக்கு நன்றாகப் புரிகிறது. ஆனால் அந்தக் கடைசி வரியைப் படித்ததிலிருந்து என் மனம் ஆறவில்லை. பழியை இரத்தத்தின் மேல் போட்டுவிட்டால் பிறகு செய்வதற்கு ஒன்றுமே இல்லை என்றாகிவிடும். செய்வதற்கு ஒன்று இருக்கிறது: வேலையைத் தொடங்கும் முன், யார் எதைச் செய்வது என்று குழுவே உட்கார்ந்து ஒரு தாளில் எழுதிக்கொள்வது, குழுச் சாசனம். அதை நாங்கள் இங்கே பெரிய விலை கொடுத்துக் கற்றுக்கொண்டோம்.

நான் 34 ஆண்டுகள் அறுவை அரங்கில் செவிலியராக இருந்தவள். ஓய்வு பெற்றபின் எங்கள் பகுதிக் கோயில் சமையற்கட்டில் உதவுகிறேன். 2022 ஏப்ரல் 11, திங்கட்கிழமை இரவு பெய்த மழையைக் குவாசூலு-நடாலில் யாரும் மறக்க மாட்டார்கள். மாகாணம் முழுவதும் 400-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சரிவுகளில் இருந்த வீடுகள் மண்ணோடு இறங்கின. ஓடைக்கரைத் தகரக் குடிசைகள் இருந்த இடம் தெரியவில்லை. குழாய்கள் உடைந்து பல பகுதிகளில் தண்ணீர் இல்லை. மறுநாள் காலையிலேயே எங்கள் கோயில் மடைப்பள்ளிப் பெண்களும், தமிழ்ப் பள்ளியின் பெற்றோர்களும், வட்டாரத்து இளைஞர்களும் கோயில் பின்கட்டில் கூடிவிட்டோம். பக்கி என்று நாங்கள் சொல்லும் சிறு சரக்கு வண்டிகளோடு பிள்ளைகள் வந்து நின்றதைப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கியது. அரிசி வந்தது, பருப்பு வந்தது, காய்கறிச் சந்தையிலிருந்து மூட்டை மூட்டையாக உருளைக்கிழங்கு வந்தது. அன்பில் ஒரு குறையும் இல்லை. அதை முதலில் சொல்லிவிட வேண்டும். ஏனென்றால் அடுத்த ஐந்து நாட்களில் நடந்ததைக் கேட்பவர்கள் எங்களைக் கெட்டவர்கள் என்று நினைத்துவிடக் கூடாது.

வீடிழந்தவர்கள் தங்கியிருந்த ஒரே கூடத்துக்கு இரண்டு முறை சோறு போனது, இரண்டு தெரு தள்ளியிருந்த கூடத்துக்கு ஒருமுறைகூடப் போகவில்லை. எங்கள் கோயில் சங்கத்தின் வங்கிக் கணக்கில் இரண்டு பேர் கையெழுத்திட வேண்டும். அவர்களில் ஒருவர் பாலம் உடைந்து அக்கரையில் மாட்டிக்கொண்டதால், நன்கொடைப் பணத்தை ஓர் அண்ணன் தம் சொந்தக் கணக்கில் வாங்கினார். ஒரு சென்ட்கூடத் தவறவில்லை. ஆனால் மூன்றாம் நாள் ஊர் பேசத் தொடங்கியது. அந்த மனிதர் பில்களையெல்லாம் பிளாஸ்டிக் பையில் கட்டி என் மேசைமேல் வைத்துவிட்டு, ஒரு சொல் பேசாமல் போனார். யாரோ நல்லெண்ணத்தோடு பத்துப் பெட்டி கோழி இறக்கிவிட்டார்கள். கோயில் அடுப்பில் அதை ஏற்ற முடியாது. வேண்டாம் என்று சொல்லும் உரிமை யாருக்கு என்று தெரியாமல் அது வெயிலில் கிடந்தது. சோறு வாங்கும் கையோடு முகத்தையும் சேர்த்துப் படமெடுத்து ஒரு பிள்ளை வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டான். அந்தப் படத்தில் இருந்த ஆயா, வாழ்நாள் முழுதும் யாரிடமும் கை நீட்டாதவர், மறுநாளிலிருந்து கூடத்துக்கு வரவேயில்லை.

ஏப்ரல் 14 சித்திரை முதல் நாள். அன்று நான் செய்ததை இந்த இடத்தில் எழுதியாக வேண்டும். இளைஞன் ஒருவன் 120 பொட்டலம் பீன்ஸ் கறியும் சோறுமாக வந்து நின்றான். அந்தக் கூடத்தில் ஏற்கெனவே பரிமாறியாகிவிட்டது. "உன்னை யார் கொண்டுவரச் சொன்னது? பெரியவர்களைக் கேட்காமல் செய்தால் இப்படித்தான்" என்று எல்லார் முன்னாலும் கத்திவிட்டேன். அவன் கைப்பேசியை எடுத்துக் காட்டினான். முந்தின இரவு பதினொரு மணிக்கு அவன் கேட்ட கேள்வி இருந்தது. அதற்கு நான் அனுப்பிய பதிலும் இருந்தது: சரி, பார்ப்போம். நான் அதை 'இப்போது வேண்டாம், காலையில் பேசலாம்' என்று நினைத்து எழுதினேன். அவன் 'சரி' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு விடிய விடியச் சமைத்திருக்கிறான். பொட்டலங்களை இறக்கி வைத்துவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். கோயிலில் பஞ்சாங்கம் படிக்கும் சத்தம் பின்கட்டுவரை கேட்டுக்கொண்டிருந்தது.

எனக்கு வெட்கமாக இருந்ததற்கு இன்னொரு காரணம் உண்டு. இந்தப் பாடத்தை நான் பணியிடத்தில் ஏற்கெனவே படித்தவள். உலக சுகாதார நிறுவனம் 2008-இல் அறுவை சிகிச்சைக்கென 19 அம்சங்கள் கொண்ட ஒரு சரிபார்ப்புத் தாளை வெளியிட்டது. அதை உருவாக்கிய குழுவுக்குத் தலைமை தாங்கியவர் அறுவை மருத்துவர் அதுல் கவாண்டே. மருந்து, இரத்தம், எண்ணிக்கை என்று பலவும் அதில் உண்டு. நெஞ்சைத் தொட்டது ஒரு வரி. தோலில் கத்தி வைக்கும் முன், அரங்கில் உள்ள ஒவ்வொருவரும் தம் பெயரையும் தம் வேலையையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். டெல்லி, லண்டன், மணிலா உட்பட எட்டு நகரங்களின் மருத்துவமனைகளில் இதைச் செய்து பார்த்து, 2009 ஜனவரியில் முடிவை வெளியிட்டார்கள். அறுவைக்குப் பின் இறந்தவர்கள் 1.5 சதவீதத்திலிருந்து 0.8 சதவீதமாகக் குறைந்தார்கள். பெரும் சிக்கல்கள் 11 சதவீதத்திலிருந்து 7 ஆயின.

எங்கள் அரங்கில் முதன்முதலாக அப்படிப் பெயர் சொன்ன நாள் எனக்கு நினைவிருக்கிறது. இருபது ஆண்டுகளாக 'டாக்டர்' என்று மட்டுமே அழைக்கப்பட்டவர் தம் பெயரைச் சொன்னார். வேலைக்கு வந்து ஒரு வாரமே ஆன பெண்ணும் தன் பெயரைச் சொன்னாள். அன்று மாலை தையல் போடும் நேரத்தில் அவள்தான், "ஒரு பஞ்சு கணக்கில் குறைகிறது" என்று குரல் கொடுத்தாள். காலையில் ஒருமுறை வாய் திறந்தவளுக்கு மாலையில் திறப்பது எளிதாக இருந்தது. நிறுத்தி, மறுபடி எண்ணி, எடுத்தோம். கத்தியும் இரத்தமும் உள்ள இடத்தில் இவ்வளவு பார்த்தவள், அண்டாவும் அடுப்பும் உள்ள இடத்துக்கு அன்பு மட்டும் போதும் என்று எப்படி நினைத்தேன்?

சங்கத்துக்கு விதிமுறைப் புத்தகம் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. தலைவரை எப்படித் தேர்ந்தெடுப்பது, பொதுக்குழுவுக்கு எத்தனை பேர் வர வேண்டும் என்றெல்லாம் அதில் உண்டு. மடைப்பள்ளிச் சாவி யாரிடம் இருக்கும் என்று இல்லை. இரவு பதினொரு மணிச் செய்திக்கு யார் பதில் சொல்வது என்று இல்லை. சங்கம் நூறாண்டு இருப்பதற்கான ஏற்பாடு அது. நாளைக் காலை நான்கு மணிக்கு ஒன்றாக அரிசி களையப் போகிறவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ள வேண்டியவை வேறு. அதைத்தான் குழுச் சாசனம் என்கிறார்கள். எதற்காகக் கூடினோம், யார் எதைச் செய்வது, யார் முடிவெடுப்பது, எப்படிச் செய்தி சொல்வது, மனத்தாங்கல் வந்தால் என்ன செய்வது என்று வேலையைத் தொடங்கும் முன் குழுவே உட்கார்ந்து எழுதிக்கொள்ளும் ஒரு தாள். அலுவலகத்தில் பணிபுரியும் என் மகள்தான் அந்தச் சொல்லை எனக்குச் சொன்னாள். ஜான் மாத்யூ, டாமி ராப் என்ற ஆய்வாளர்கள் 32 எம்.பி.ஏ. மாணவர் குழுக்களை வைத்துச் செய்து 2009-இல் வெளியிட்ட ஆய்வைப் பற்றியும் சொன்னாள். நல்ல சாசனமும் நல்ல செயல்திட்டமும் சேர்ந்து வாய்த்த குழுக்களே கடைசிவரை தளராமல் செய்தனவாம்.

ஆனால் எனக்கு இது முழுதாக விளங்கியது அந்த ஆய்வால் அல்ல. என்னோடு பணிபுரிந்த ஜூலுப் பெண்மணி ஒருவர் இருக்கிறார், சிஸி என்றுதான் அழைப்பேன். அவர் ஒரு ஸ்டாக்வெல்லில் உறுப்பினர். நம் சீட்டு போன்றது அது. மாதாமாதம் பணம் சேர்த்து முறைவைத்து எடுப்பார்கள், அல்லது ஆண்டு முடிவில் மளிகை வாங்கிப் பிரிப்பார்கள். அவருடைய குழுவின் விதிகள் ஒரு பள்ளி நோட்டில், கையால் எழுதியவை. தாமதமாக வந்தால் அபராதம் எவ்வளவு, வீட்டில் சாவு விழுந்தால் யார் எவ்வளவு கொடுப்பது, கூட்டம் நடக்கும் வீட்டுக்காரி என்ன சமைக்க வேண்டும் என்பதுவரை இருக்கிறது. கீழே அத்தனை பெண்களின் கையெழுத்தும் உண்டு. "உங்களுக்குள் நம்பிக்கை இல்லையா, சிஸி?" என்று ஒருமுறை கேட்டேன். "நம்பிக்கை இருப்பதால்தான் இத்தனை வருடம் இந்த நோட்டு கிழியாமல் இருக்கிறது" என்றார்.

2022 ஜூன் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, என் வீட்டுச் சாப்பாட்டு மேசையைச் சுற்றிப் பதினொரு பேர் உட்கார்ந்தோம். சிஸியையும் வரச் சொன்னேன். ஓடைக்கரைக் குடியிருப்பு அவருடைய சபைக்காரர்கள் வாழும் இடம். அங்கே சோறு கொண்டுபோகும் குழுவில் அங்குள்ளவர் ஒருவர்கூட இல்லாதது எங்கள் முதல் தவறு. மின்சாரம் போய், பாதிப் பேச்சு காஸ் விளக்கில் நடந்தது.

எதற்காகக் கூடினோம் என்ற முதல் வாக்கியத்துக்கே ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. பசித்தவர்க்குச் சோறு என்று ஒரு பிள்ளை சொன்னான். எத்தனை நாளைக்கு என்று கேட்டார் மடைப்பள்ளி அக்கா. அவருக்கு முதுகு வலி, ஏப்ரலில் பதினேழு நாள் குனிந்து நின்றவர். கடைசியில் இப்படி வந்தது: "மழையாலோ தீயாலோ வீடிழந்த நம் வட்டாரத்தாருக்கு, யாரென்று கேளாமல், முதல் ஏழு நாள், இரண்டு வேளை சூடான உணவு தருவது." 'யாரென்று கேளாமல்' என்ற இரண்டு சொல் அவ்வளவு எளிதில் வரவில்லை. 2021 ஜூலைக் கலவரத்தின் காயம் எங்கள் மாகாணத்தில் இன்னும் ஆறவில்லை. பக்கத்துக் குடியிருப்பு, பக்கத்துத் தெரு என்று சந்தேகம் ஊறிய மனங்கள் எங்கள் மேசையிலும் இருந்தன. ஒரு தாத்தா அந்தச் சொற்கள் வேண்டாம் என்றார். சிஸி எதிரே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். நெடுநேரம் யாரும் பேசவில்லை. பிறகு அந்தத் தாத்தாவே பேனாவை வாங்கி அந்தச் சொற்களைத் தம் கையால் எழுதினார். அது தாளில் ஏறியிராவிட்டால், அடுத்த மழையில் வண்டியின் பின்னால் நின்று நாங்கள் அதே விவாதத்தைச் செய்துகொண்டிருப்போம், சோறு ஆறிக்கொண்டிருக்கும்.

அதற்கடுத்த சிக்கல் முடிவெடுப்பது. நம்மிடையே வயது மூத்தவர் இருக்கும்போது இளையவர் எதையும் தீர்த்துச் சொல்ல மாட்டார்கள். மூத்தவரோ மனம் நோகக் கூடாதென்று தீர்த்துச் சொல்ல மாட்டார். இடையில் வேலை நிற்கும். ஒவ்வொரு நாளும் ஒரே ஒருவர் பொறுப்பாளர், அவர் மஞ்சள் ஏப்ரன் கட்டியிருப்பார், அன்று அடுப்பு பற்றியும் வண்டி பற்றியும் அவர் சொல்லே முடிவு, அவருக்கு வயது இருபத்திரண்டாக இருந்தாலும், என்று எழுதினோம். சங்கத் தலைவர் அண்ணா முகம் சுருங்கியது. அவரை நான் குறை சொல்ல மாட்டேன், முப்பது ஆண்டு அந்தச் சமையற்கட்டைத் தாங்கியவர். "மரியாதை உங்களுக்குக் குறையாது, அண்ணா, சுமைதான் குறையும்" என்று மடைப்பள்ளி அக்கா சொன்னதும் ஒப்புக்கொண்டார். கோயில் அடுப்பில் அசைவம் ஏறாது, அசைவம் வந்தால் சிஸியின் சபைச் சமையலறைக்குப் போகும் என்பது இரண்டே நிமிடத்தில் முடிந்தது. அத்தனை பேரும் காத்திருந்தது போல.

பணத்தைப் பற்றி எழுதும்போது, பில் பையை என் மேசையில் வைத்துவிட்டுப் போன அந்த அண்ணனை வீட்டுக்குப் போய் அழைத்து வந்தேன். அவரே அந்த வரியைச் சொன்னார்: இரண்டு பேர் சேர்ந்து எண்ணுவது, பொழுது சாயும் முன் நோட்டில் எழுதுவது, அந்தப் பக்கத்தைப் படமெடுத்துக் குழுவுக்கு அனுப்புவது, யாருடைய சொந்தக் கணக்குக்கும் பணம் போகாதது. நேர்மையானவரைக் காப்பாற்றுவதற்குத்தான் கணக்கு நோட்டு என்று அவர் சொன்னபோது அவர் குரல் நடுங்கியது.

வாங்குபவர் முகத்தைப் படமெடுப்பதில்லை. குழுச் செய்தியில் 'பார்ப்போம்' என்ற சொல்லை எழுதுவதில்லை, ஆம் அல்லது இல்லை, யார், எத்தனை மணிக்கு, அவ்வளவுதான். அந்த வரியை நான் கேட்டு எழுத வைத்தேன். மனத்தாங்கலை வாட்ஸ்அப்பில் கொட்டுவதில்லை, இரண்டு நாளுக்குள் நேரில் பேசுவது, தீராவிட்டால் மடைப்பள்ளி, தமிழ்ப் பள்ளி, இளைஞர் என்ற மூன்று தரப்பையும் சேராத, எல்லாரும் ஒப்புக்கொண்ட ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவரிடம் போவது. முடியாதவர் முடியவில்லை என்று சொல்லலாம், காரணம் கேட்கக் கூடாது. வீட்டில் படுத்த படுக்கையாக மாமியாரை வைத்துக்கொண்டு வரும் பெண்களுக்கு இந்தக் கடைசி வரி எவ்வளவு பெரிய விடுதலை என்பதை ஆண்கள் உணர்வதில்லை.

தாளை ஆங்கிலத்தில்தான் எழுதினோம், எங்கள் பிள்ளைகள் பலருக்குத் தமிழ் படிக்க வராது. முதல் வாக்கியம் மட்டும் தமிழிலும் ஜூலு மொழியிலும் மேலே இருக்கிறது. பாத்திரம் கழுவுபவர்கள் வரை கையெழுத்திட்டார்கள். அந்த ஆண்டு ஆடி மாதம் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றும்போது முதன்முதலாக அதன்படி நடந்து பார்த்தோம். சண்டை வரவில்லை என்று சொல்ல மாட்டேன். காஸ் சிலிண்டர் யார் திருப்பிக் கொடுப்பது என்று வந்தது, தாளில் அது இல்லை. அடுத்த வாரம் சேர்த்துக்கொண்டோம்.

2024 ஜூன் 3 அன்று, டர்பனுக்கு வடக்கே ஏறத்தாழ 40 கிலோமீட்டரில் உள்ள டோங்காட்டில் சூறாவளி வீசிக் கூரைகளைப் பிடுங்கிப் போட்டது. 2022 வெள்ளத்தில் தண்ணீர் நிலையம் சிதைந்து மாதக் கணக்கில் குழாய்த் தண்ணீர் இல்லாமல் தவித்த அதே ஊர். எங்கள் தாள் 'நம் வட்டாரம்' என்கிறது. போகலாமா? முன்பாக இருந்தால் இதற்கே இரண்டு அணி ஆகியிருப்போம். மஞ்சள் ஏப்ரன் அன்று தமிழ்ப் பள்ளித் தாய் ஒருவரிடம் இருந்தது. பத்து நிமிடம் பேசினோம். 'அழைத்தால் வெளியூருக்கும், மூன்று நாள் மட்டும்' என்று பேனாவால் சேர்த்தோம், ஓரத்தில் தேதி போட்டோம், அரிசி ஏற்றினோம்.

இதில் புதிதாக எதுவும் இல்லை என்பதைத்தான் அந்தக் காஞ்சிபுரத்துப் பெரியவருக்குச் சொல்ல விரும்புகிறேன். அவருடைய மாவட்டத்திலேயே உத்திரமேரூர் இருக்கிறது. சோழ மன்னன் முதலாம் பராந்தகன் காலத்தில் அந்த ஊர்ச் சபை வாரியங்களுக்கு விதி எழுதிக் கல்லில் வெட்டி வைத்தது. அவற்றுள் ஏரி வாரியமும் ஒன்று. பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவர் மறுபடி வர முடியாது, அவருடைய உறவினரும் வர முடியாது. பதவி 360 நாள். குடவோலையைப் பற்றி எல்லாரும் பெருமை பேசுகிறோம். எனக்கு அதைவிடப் பெரிதாகத் தோன்றுவது, அங்கே இரண்டு கல்வெட்டுகள் இருப்பது. முதலாவது கி.பி. 919, அடுத்தது 921. முதலில் உறுப்பினருக்கு வயது 30-லிருந்து 60 என்றார்கள், இரண்டே ஆண்டில் அதை 35-லிருந்து 70 என்று மாற்றினார்கள். எழுதினார்கள், நடந்து பார்த்தார்கள், சரிப்படவில்லை, மறுபடி உட்கார்ந்து எழுதினார்கள், அதையும் கல்லில். நிலமும் வேதமும் உள்ளவர்க்கே இடம் என்ற அந்த நாளின் கதவு இன்று நமக்கு வேண்டாம். ஆனால் எழுதியதைத் திருத்திக்கொள்ளும் அந்தத் துணிவு வேண்டும்.

"நமக்குள் எதற்கம்மா எழுத்து?" என்று கேட்பவர்களை அங்கேயும் அவர் சந்திப்பார். இங்கே நானும் சந்தித்தேன். கல்யாணத்துக்கு உறுதி ஓலை எழுதுகிறோம், கோபித்துக்கொண்டா எழுதுகிறோம்? வேலை சூடேறியபின் எழுதினால் அது குற்றப் பத்திரிகையாகத்தான் அமையும். ஏரிக்குள் இயந்திரம் இறங்கும் முன், ஒருவர்மேல் ஒருவருக்கு மனம் நன்றாக இருக்கும் நாளில் எழுத வேண்டும். இணையத்திலிருந்து ஒரு படிவத்தை எடுத்து நிரப்பினால் போதாது, நாங்கள் முதலில் அதைத்தான் செய்தோம், ஒருவருக்கும் அதிலிருந்து ஒரு வரி நினைவில் நிற்கவில்லை. பேசாதவர்களை முதலில் பேசச் சொல்ல வேண்டும். தலைவர் கடைசியில் பேச வேண்டும். இரண்டு பக்கத்துக்கு மேல் போனால் யாரும் படிக்க மாட்டார்கள்.

உடைந்த குழுவைக் கூட்டுவதற்கு அவர் புதுத் தேர்தல் வைக்க வேண்டாம் என்பது என் எண்ணம். டீசல் கணக்கு எழுதியவரின் வீட்டுக்கு முதலில் அவரே போகட்டும். நான் ஏப்ரலில் கத்திய பிள்ளையின் வீட்டுக்கு ஜூனில்தான் போனேன். அவன் கதவைத் திறந்தான், தேநீர் கொடுத்தான், குழுவுக்கு வர இன்னும் மனமில்லை என்றான். இரண்டு மாதம் முன்னால் போயிருக்க வேண்டும்.

எங்கள் தாளின் படி ஒன்றை, முதல் வரியிலிருந்து கடைசிவரை தமிழில் பெயர்த்து, இந்தக் கடிதத்தோடு அனுப்பியிருக்கிறேன். கையெழுத்துகளை மறைத்திருக்கிறேன். அதை அந்தப் பெரியவரிடம் சேர்த்துவிட வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன். அடுப்பைப் பற்றிய வரிகளை அவர் அடித்துவிட்டு, அந்த இடத்தில் தம் ஏரியைப் பற்றி எழுதிக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற அறுவை அரங்குச் செவிலியர்,
சாட்ஸ்வர்த், டர்பன்